வலி வரும் முன்பே மாத்திரை!

பல் பிடுங்கப் போகிறவர்கள் இரண்டுக்குப் பயப்படுகிறார்கள். ஒன்று ஊசி. மற்றொன்று குறடு.

உண்மையில், நாற்காலியில் இருக்கும்போது வலி அதிகம் தெரிவது இல்லை. ஊசி போட்டதும் தாடை மரத்துப் போகிறது. பல் வந்துவிடுகிறது. "இவ்வளவுதானா!" என்று வீட்டுக்கு வருகிறார். இரண்டு, மூன்று மணி நேரம் ஆகிறது. ஊசி மருந்தின் வேகம் குறைகிறது. அப்போது பிடிக்கிறது பாருங்கள், வலி!

எலும்புக்குள் புதைந்து கிடந்த ஞானப் பல்லை எடுத்துக் கொண்டவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். ஈறைக் கீறி, எலும்பையும் கொஞ்சம் அராவி எடுக்க வேண்டிய பல் அது. புதிய வலி மாத்திரைகளை விஞ்ஞானிகள் பெரும்பாலும் ஞானப் பல் எடுத்தவர்களிடம்தான் கொடுத்துச் சோதிக்கிறார்கள். அந்த வலிக்கு அவ்வளவு பெயர்!

காரணம் என்ன?

சதை அறுபட்டதும் அந்த இடத்தில் "புரோஸ்டாகிளாண்டின்" என்ற பொருள் ஊறத் தொடங்குகிறது. அது வீக்கத்தை உண்டாக்கும். சிறு வலியையும் பெரிதாக்கிக் காட்டும். மரத்துப் போகும் ஊசி, வலிச் செய்தி மூளைக்குப் போவதைத்தான் தடுக்கிறது. இந்தப் பொருள் ஊறுவதை அது நிறுத்துவது இல்லை.

ஆஸ்பிரின் 1899-ம் ஆண்டு முதல் விற்பனையில் இருக்கிறது. அது எப்படி வலியைக் குறைக்கிறது என்று தெரியாமலே, 70 ஆண்டுகளுக்கு மேல் மக்கள் விழுங்கினார்கள். புரோஸ்டாகிளாண்டின் ஊறுவதை அது தடுக்கிறது என்று 1971-ல் லண்டனில் ஜான் வேன் கண்டுபிடித்தார். 1982-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இபுபுரூபன் மாத்திரையும் அதே வேலையைச் செய்கிறது. ஆனால், விழுங்கிய உடனே அல்ல. அரை மணி, ஒரு மணி நேரம் பிடிக்கும். ஆகவே, பல் எடுப்பதற்கு முன்பே அதைக் கொடுத்துவிடும் டாக்டர்கள் இருக்கிறார்கள். "பல் எடுத்த பிறகு, மரத்தது தெளிவதற்குள் கொடுத்தால் போதும்" என்று சொல்லும் டாக்டர்களும் உண்டு. எப்படியானாலும், வலி முற்றும்வரை பல்லைக் கடித்துக் கொண்டு காத்திருப்பது வீண் வேதனை.

யாருக்கு ஆகாது?

வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும், கர்ப்பிணிகளுக்கும், ஆஸ்துமா உள்ளவர்களில் சிலருக்கும் இபுபுரூபன் ஆகாது. அவர்களுக்குப் பாரசிட்டமால் கொடுப்பது உண்டு.

வலிக்காக நீங்களாக ஆஸ்பிரின் வாங்கிச் சாப்பிடாதீர்கள். இரத்தம் நிற்கத் தாமதம் ஆகும். ஆனால், இதய நோய்க்காக டாக்டர் சொல்லித் தினமும் சாப்பிடுகிறவர்கள், தாங்களாக அதை நிறுத்தவும் கூடாது.

பல் டாக்டரிடம் போகும்போது, நீங்கள் சாப்பிடும் மாத்திரை அட்டைகளைக் கையோடு எடுத்துப் போங்கள். அவர் ஊசியைக் கையில் எடுக்கும் முன், "இன்று ராத்திரி வலிக்கு என்ன வழி, டாக்டர்?" என்று கேட்டுவிடுங்கள்.