இராயனுக்குரியது எது?

கொடுங்கோல் என்னுஞ் சொல்லுக்கு வளைந்த கோல் என்பது பொருள். கோல் வளைந்தவிடத்துக் குடிகள் செய்யத்தக்கது யாது என்னும் வினா எல்லாச் சமயத்தார்க்கும் உரியதே. கிறித்தவர்க்கோ அது பெருஞ் சிக்கலாயிற்று. அவர்தம் வேதத்தில் இரண்டு கூற்றுக்கள் எதிரெதிராக நிற்பன போலத் தோன்றுதலே காரணம். ஆளும் அதிகாரம் இறைவனால் அமைந்ததாகலின் அதற்கு அடங்குக என்று உரோமருக்கு எழுதிய நிருபத்தின் 13ஆம் அதிகாரத்திற் பவுல் கூறுகிறார். மனிதரினும் இறைவனுக்கே கீழ்ப்படிதல் வேண்டுமென்று ஆலோசனைச் சங்கத்தார் முன்னிலையிற் பேதுரு உரைத்தமையை அப்போஸ்தலர் நடபடிகள் 5ஆம் அதிகாரம் காட்டும்.

இவ்விரண்டையும் ஒருங்கே காத்தற்கு வழியுண்டோ எனின், உண்டென்பதற்கு 1942ஆம் ஆண்டில் நோர்வே நாட்டில் நிகழ்ந்தவற்றை யான் சான்றாகக் காட்டுவேன்.

1940 ஏப்ரலில் நாசி ஜேர்மனி நோர்வே மீது படையெடுத்து அந்நாட்டைக் கைப்பற்றியது. 1942 பெப்ரவரி 1ஆம் நாள், பகைவர்க்குத் துணைநின்ற குவிஸ்லிங் என்பான் தலைமை அமைச்சனாக்கப்பட்டான். சிறார் யாவரும் அவன் கட்சியின் இளைஞர் இயக்கத்திற் சேர்தல் வேண்டுமென்று சட்டம் பிறந்தது. அதனைக் கண்டித்த பேராயர் எழுவரும் பெப்ரவரி 24ஆம் நாள் பதவி துறந்தனர்.

அவர்கள் துறந்தது யாது என்பதே ஈண்டு உற்று நோக்கத்தக்கது. நோர்வேயின் லூதரன் திருச்சபை அக்காலத்தில் அரசின் திருச்சபை. பேராயர் அரசின் அலுவலர். அரசு தந்த பதவியை அரசிடமே ஒப்படைத்து, அரசு தாராத குருப்பணியைத் தம்மிடமே வைத்துக்கொண்டனர். இராயனுக்குரியதை இராயனுக்குக் கொடுக்க என்னும் இயேசுவின் வாக்குக்கு இதனினுஞ் சிறந்த உரை யான் கண்டதில்லை. ஏப்ரல் 5ஆம் நாள், உயிர்த்த ஞாயிறன்று, 'திருச்சபையின் அடித்தளம்' என்னும் அறிக்கை ஆலயங்களில் வாசிக்கப்பட்டது. குருமாருட் பத்தில் ஒன்பது பங்கினர்க்கு மேற்பட்டோரும் அரசுப் பதவியைத் துறந்தனர். ஒஸ்லோப் பேராயர் பெர்கிராவ் காவலில் வைக்கப்பட்டார்.

ஆசிரியரும் பின்னிற்கவில்லை. குவிஸ்லிங் நிறுவிய ஆசிரியர் சங்கத்திற் சேர மறுத்து ஆயிரக்கணக்கானோர் தனித்தனியே கையொப்பமிட்டுக் கடிதம் விடுத்தனர். ஏறத்தாழ 1,100 பேர் சிறைப்பட்டனர். அவருள் அறுநூற்றுவர்க்கு மேற்பட்டோர் வடகோடியிலுள்ள கிர்க்கெனெஸ் என்னுமிடத்துக்குக் கடும் வேலைக்கு அனுப்பப்பட்டனர். எனினும் பாடசாலைகள் கட்சியின் வசமாகவில்லை.

ஆயின் இவ்வழிக்கும் ஓர் எல்லையுண்டு. அவ்வாண்டு நவம்பரில் யூதரைத் துன்புறுத்துதல் தகாதென்று திருச்சபையார் குவிஸ்லிங்குக்கு எழுதிய கடிதம் பயன்படவில்லை. அத்திங்கள் 26ஆம் நாள் ஐந்நூற்றுவர்க்கு மேற்பட்ட யூதர் கப்பலேற்றப்பட்டனர். பெரும்பாலோர் அவுஷ்விட்சில் மாண்டனர். ஜேர்மனியப் போதகர் போன்ஹோபர் ஹிட்லரை வீழ்த்தும் சதியிற் பங்குகொண்டு 1945 ஏப்ரல் 9ஆம் நாள் தூக்கிலிடப்பட்டமை இதனோடு ஒப்புநோக்கத்தக்கது.

தன் மனச்சான்றைக் காத்துக்கொள்வார்க்குப் பதவி துறத்தல் போதும். அயலான் உயிரைக் காக்க அதுவும் போதாதபோது செய்யத்தக்கது யாது? பவுலையும் பேதுருவையும் ஒருசேரக் கற்போர் இவ்வினாவையும் உடன் கற்றல் வேண்டும் என்பதே என் துணிபு.