உங்களுக்குத் தெரியுமா? மொட்டைமாடியில் ஒரு கெய்ரோ

● கெய்ரோவின் தலாத் ஹர்ப் தெருவில் யாகூபியன் கட்டடம் நிஜமாகவே இருக்கிறது. ஹாகோப் யாகூபியன் என்ற ஆர்மீனியச் செல்வந்தர் 1930களில் கட்டியது. அலா அல் அஸ்வானியின் ‘யாகூபியன் கட்டடம்’ (2002) நாவல் அதன் பெயரையும் முகவரியையும் எடுத்துக்கொண்டு, உருவத்தை மாற்றிவிட்டது.

● அஸ்வானி பல் மருத்துவர். அவருடைய முதல் கிளினிக் இதே கட்டடத்தில்தான் இருந்தது. புகழ் வந்த பிறகும் அவர் நோயாளிகளைப் பார்த்துவந்தார்.

● நாவலின் மொட்டைமாடியில் 50 இரும்பு அறைகள். முதலில் மளிகை வைக்கவும் துணி துவைக்கவும் பயன்பட்டவை. 1952 புரட்சிக்குப் பின் ராணுவ அதிகாரிகள் கீழே குடியேற, மேலே வேலைக்காரர்கள் தங்கினார்கள். 1970களில் பொருளாதாரக் கதவு திறந்ததும் அறைகள் ஏழைகளுக்கு வாடகைக்குப் போயின. எகிப்தின் அரை நூற்றாண்டு அரசியல் அந்த இரும்பு அறைகளிலேயே தெரிந்துவிடுகிறது!

● நாவலின் முக்கியப் பாத்திரங்களில் ஒருவர் ஜக்கி பே. அவருடைய வீட்டுக்கும் யாகூபியன் கட்டடத்தில் உள்ள அலுவலகத்துக்கும் நடுவே 100 மீட்டர்கூட இல்லை. ஆனாலும் போய்ச் சேர ஒரு மணி நேரம் ஆகும். வழியெல்லாம் தெரிந்தவர்கள், நின்று பேசாமல் நகர முடியாது.

● அதே கட்டடக் காவலாளியின் மகன் தாஹா நன்றாகப் படித்தவன். போலீஸ் அகாடமி நேர்காணலில் அப்பாவின் தொழிலைக் கேட்டதோடு அவன் கனவு முடிகிறது. பிறகு அவன் போவது தீவிரவாதத்தின் பக்கம். ஷூ பாலிஷ் போட்டுத் தொடங்கிய ஹாஜி அஸாமோ பணம் கொடுத்து நாடாளுமன்றத்துக்கே போய்விடுகிறார். ஒரே கட்டடம், இரண்டு கணக்கு.

● நாவல் 2006இல் படமானபோது ஜக்கியாக நடித்தவர் எகிப்தின் உச்ச நட்சத்திரம் ஆதில் இமாம். தாஹாவாக நடித்தவர் அவருடைய மகன் முகமது இமாம். திரைக்கதை வஹீத் ஹாமித், இயக்கம் அவருடைய மகன் மர்வான் ஹாமித். சில காட்சிகளை வெட்டச் சொல்லி நூற்றுக்கும் மேற்பட்ட எம்.பி.க்கள் குரல் கொடுத்தார்கள்.

● அஸ்வானி பல் மருத்துவத்தில் மேற்படிப்பு படித்தது அமெரிக்காவின் சிகாகோவில். அடுத்த நாவலுக்கு அந்த ஊர்ப் பெயரையே வைத்துவிட்டார்.

● படிக்க ஆசையா? ஆங்கிலத்தில் ஹம்ஃப்ரி டேவிஸின் மொழிபெயர்ப்பு இருக்கிறது. கதாநாயகன் என்று ஒருவர் கிடையாது, பெயர்கள் முதலில் குழப்பும். யார் எந்த மாடி என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு படியுங்கள்.