நாளைக்கே உங்களுக்கு ஆஸ்கர் கிடைச்சா..? - மேடைக்குப் பின்னால் இதெல்லாம் நடக்கும்!

திங்கள்கிழமை விடியற்காலை 4.30 மணிக்கு அலாரம் வெச்சு எழுந்து, போர்வைக்குள்ள இருந்தபடியே போன்ல ஆஸ்கர் பார்க்கிற ஆளா நீங்க? அப்படின்னா, ஒரு சின்ன கற்பனை. இந்த முறை நீங்க பார்வையாளர் இல்ல, நாமினி! அங்கே அது ஞாயிறு மாலை 4 மணி. லாஸ் ஏஞ்சல்ஸ் டால்பி தியேட்டர் வாசல்ல கார்ல இருந்து இறங்குறீங்க. கற்பனை இதோட முடிஞ்சது. இனி வர்ற விஷயமெல்லாம் நிஜம்!

டிரெஸ் உங்களுது இல்ல!

ரெட் கார்ப்பெட்டில் மின்னும் கவுன்களில் பெரும்பாலானவை இரவல்தான். டிசைனர் நிறுவனங்கள் விளம்பரத்துக்காகக் கொடுக்கும். விழா முடிஞ்சதும் திரும்பப் போயிடும். அக்காவோட பட்டுப்புடவையைக் கல்யாணத்துக்குக் கட்டிட்டுப் போய், 'கறை பட்டுடக் கூடாதே'னு பந்தியில் பயந்து பயந்து சாப்பிடுவோமே... அதே கதைதான். நகைக்கு பாதுகாவலரே கூட வருவார். 2019-ல் லேடி காகா கழுத்தில் ஜொலிச்ச டிஃப்பனி மஞ்சள் வைரம் 128.54 கேரட். அதுவும் இரவல்தான்!

இதுல ஒரு செம்ம விதிவிலக்கு, நடிகை ரீட்டா மொரேனோ. 1962-ல் விருது வாங்கியபோது போட்ட அதே கவுனை பத்திரமா வெச்சிருந்து, 2018 விழாவுக்கும் போட்டுட்டு வந்தார். 56 வருஷம் கழிச்சு!

பாத்ரூம் போனா சீட் போச்சு!

விழா மூணரை மணி நேரம் ஓடும். நடுவில் நீங்க எழுந்து போனா, காலி நாற்காலி கேமராவில் தெரியக் கூடாது. அதுக்காகவே 'சீட் ஃபில்லர்ஸ்'னு ஒரு டீம் கோட், கவுன் போட்டுக்கிட்டு ஓரமா காத்திருக்கும். நீங்க எழுந்த அடுத்த நிமிஷம், உங்க சீட்ல வேறொருத்தர் இருப்பார். பக்கத்துல எவ்வளவு பெரிய ஸ்டார் இருந்தாலும் அவரா பேச்சுக் கொடுக்கக் கூடாது. நீங்க வந்ததும் எழுந்து போயிடுவார்.

பசியும் நிஜம்தான். 2014-ல் தொகுப்பாளர் எலன் டிஜெனரஸ் அரங்குக்குள்ளேயே பீட்சா வரவழைச்சப்போ, மெரில் ஸ்ட்ரீப்பும் பிராட் பிட்டும் தட்டு ஏந்தி வாங்கிச் சாப்பிட்டாங்க. 1929-ல் நடந்த முதல் விழாவில் இந்தக் கஷ்டமெல்லாம் இல்ல. டின்னரும் உண்டு, விருது கொடுக்கும் நிகழ்ச்சியும் 15 நிமிஷத்துல முடிஞ்சது. ஜெயிச்சது யாருன்னு மூணு மாசம் முன்னாடியே சொல்லிட்டாங்களே!

கவர்ல யார் பேரு?

ஓட்டு எண்ணுறது பிடபிள்யூசி என்ற கணக்குத் தணிக்கை நிறுவனம். ஒவ்வொரு விருதுக்கும் இரண்டு கவர்கள் உண்டு. மேடையின் இந்தப் பக்கம் ஒரு செட், அந்தப் பக்கம் ஒரு செட். ஒரு பக்கம் கொடுத்ததும் மறுபக்கம் அதே கவரை ஒதுக்கி வெச்சுடணும்.

2017-ல் சறுக்கினது அங்கேதான். சிறந்த நடிகைக்கான உபரி கவர், சிறந்த படத்தை அறிவிக்க வந்த வாரன் பீட்டி கைக்குப் போயிடுச்சு. அதில் எம்மா ஸ்டோன் பேரோட 'லா லா லேண்ட்' படத்தோட பேரும் இருந்துச்சு. உடன் வந்த ஃபே டனவே படத்தோட பேரை வாசிச்சுட்டார். அந்தப் படக்குழு மேடையேறி நன்றி சொல்லிட்டு இருக்கும்போதே, 'இல்லைங்க, ஜெயிச்சது மூன்லைட்'னு தெரிஞ்சது. அதுக்கப்புறம், கவர் கொடுக்கிறவங்க மேடைக்குப் பின்னால் போனையே தொடக் கூடாதுனு ரூல் வந்துடுச்சு.

45 விநாடி... அவ்ளோதான்!

சரி, ஜெயிச்சுட்டீங்க! பேச 45 விநாடி. தாண்டினா இசை ஆரம்பிச்சிடும்.

கேட்க ஜாலியா இருக்கும். ஆனா, 2023-ல் இது நம்ம பக்கமே வலிச்சது. முதுமலையில் யானைக்குட்டிகளை வளர்த்த பொம்மன் - பெள்ளி தம்பதியின் கதையான 'தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்', சிறந்த ஆவணக் குறும்படமா ஜெயிச்சது. இயக்குநர் கார்த்திகி கொன்சால்வஸ் பேசி முடிச்சார். தயாரிப்பாளர் குனீத் மோங்கா பேச வந்ததும் இசை ஒலிச்சது. வருஷக்கணக்கான உழைப்பு, உலகமே பார்க்கிற மேடை... சொல்ல வந்ததைச் சொல்லாமலே இறங்கினார். அந்த வருத்தத்தைப் பின்னாடி பேட்டிகளில் அவரே சொன்னார்.

சிலையாவது நம்மளுதா?

கிட்டத்தட்ட 4 கிலோ வெண்கலம், மேலே 24 கேரட் தங்க முலாம். மேடையில் கொடுக்கும்போது அதில் உங்க பேர் இருக்காது. அடுத்து நடக்கும் கவர்னர்ஸ் பால் விருந்தில் வரிசையில் நின்னு, பேர் பொறிச்ச தகட்டைப் பொருத்தி வாங்கிக்கணும். விற்கவும் முடியாது. விற்கணும்னா, முதல்ல அகாடமிக்கு 1 டாலருக்குக் கொடுக்க முன்வரணும். 1950-களின் தொடக்கத்திலிருந்தே இதுக்கு கையெழுத்து வாங்குறாங்க.

நடிப்பு, இயக்கம் பிரிவு நாமினிகளுக்கு வருமே, அந்தப் பிரபலமான கிஃப்ட் பேக்? அது அகாடமி கொடுக்கிறதே இல்ல, ஒரு தனியார் விளம்பர நிறுவனத்தோட வேலை. அதை வாங்கிக்கிட்டா வருமானக் கணக்கில் சேர்ந்து, வரியும் கட்டணும்!

ஆக, விடிஞ்சா கவுன் கிளம்பிடும், நெக்லஸ் கிளம்பிடும். அந்த ராத்திரியில் முழுசா உங்களுக்கே உங்களுக்குனு இருக்கிறது அந்த 45 விநாடிதான். அதனால, நன்றி லிஸ்ட்டை இப்பவே எழுதி வெச்சுக்கோங்க. 'கடைசியில் சொல்லிக்கலாம்'னு நினைக்கிற அம்மா பேரை முதல் வரியிலேயே எழுதிடுங்க. இசை எப்போ ஆரம்பிக்கும்னு யாருக்குத் தெரியும்?