விட்ட குஞ்சை எண்ணினால் போதுமா?

ஜவளகிரி என்றதும் ஓசூர்ப் பக்கத்தில் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது யானைக் கூட்டம்தான். ராகி அறுவடை நெருங்கும் காலத்தில் பன்னேர்கட்டா காட்டிலிருந்து எல்லை தாண்டி இங்கே இறங்கும் யானைகள் ஆண்டுதோறும் செய்தியாகின்றன. அதே காடு தெற்கே அஞ்செட்டி, உரிகம் வழியாகச் சரிந்து காவிரிக் கரையைத் தொடுகிறது. ஆற்றை ஒட்டிய இந்தக் காட்டில் 504 சதுர கிலோமீட்டரைத் தமிழக அரசு 2014இல் காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயமாக அறிவித்தது. அங்கே ஓடும் ஆற்றில், யானை அளவுக்குப் பேசப்பட வேண்டிய ஒரு மீன் யார் கண்ணிலும் படாமல் குறைந்து வந்திருக்கிறது.

அதன் பெயர் திமில் மகசீர். கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்தது. தலைக்குப் பின்னால் முதுகு மேடாக எழும்பி நிற்கும். துடுப்புகளில் ஆரஞ்சு நிறம் ஓடும். 1946இல் மைசூரைச் சேர்ந்த வான் இங்கன் என்பவர் கபினியில் தூண்டில் போட்டுப் பிடித்த மகசீரின் எடை 120 பவுண்டு, அதாவது 54 கிலோ. உலகில் காவிரியிலும் அதில் வந்து சேரும் கிளை ஆறுகளிலும் தவிர வேறெங்கும் இந்த மீன் இல்லை.

அணைகள், மணல் அள்ளுதல், வெடி வைத்து மீன் பிடித்தல் என்று ஆற்றுக்கு வந்த கேடுகள் பல. மகசீர் குறைகிறதே என்று கவலைப்பட்டவர்கள் நல்லெண்ணத்தோடு ஒரு வழி கண்டார்கள். மகாராஷ்டிரத்தில் லோனாவாலா அருகே டாடா மின் நிறுவனம் நடத்தும் பண்ணையில் நீலத்துடுப்பு மகசீரைப் பெருக்கினார்கள். முட்டைப் பருவத்தில் உள்ள தாய்மீனின் வயிற்றைக் கையால் மெல்ல அழுத்த, பொன்னிற முட்டைகள் தட்டில் விழும். அதன் மேல் ஆண்மீனின் விந்தைக் கலந்து, கழுவி, ஓடும் நீரில் வைத்தால் சில நாட்களில் குஞ்சு பொரியும். அவை விரலியாக வளர்ந்ததும் ஆறுகளுக்குப் போகும். அப்படிக் காவிரிக்கும் வந்தன. ஆனால் நீலத்துடுப்பு மகசீர் காவிரியின் பூர்வகுடி இல்லை.

அதன் பிறகு நடந்ததை நமக்குச் சொன்னது தூண்டில்காரர்களின் நோட்டுப் புத்தகம். கர்நாடகப் பக்கம் காளிபோரே என்ற இடத்தில், பிடித்த மீனை எடை போட்டுவிட்டு உயிரோடு ஆற்றிலேயே விடும் முகாம் ஒன்று இருந்தது. 1998 முதல் 2012 வரை அங்கே எழுதிவைத்த பதிவுகளை ஆட்ரியன் பிண்டர், ராஜீவ் ராகவன், ராபர்ட் பிரிட்டன் ஆகிய ஆய்வாளர்கள் எடுத்துப் பார்த்தார்கள். மொத்தம் 23,620 மணி நேரத் தூண்டில், 6,161 மகசீர். ஆண்டுக்கு ஆண்டு எண்ணிக்கை கூடியிருந்தது. சராசரி எடை குறைந்திருந்தது. இளம் மீன்கள் நிறைய பிறக்கின்றன என்பதற்கு இது அடையாளம். ஆறு தேறிவிட்டது என்றுதான் யாரும் நினைப்பார்கள். மீன்களை இனவாரியாகப் பிரித்தபோது கதை மாறியது. பெருகியது வெளியிலிருந்து வந்த நீலத்துடுப்பு. திமில் மகசீரின் பங்கு சுருங்கிக்கொண்டே போயிருந்தது.

பண்ணை மீனும் ஆற்று மீனும் ஒரே இனமாக இருந்தால் சிக்கல் தீர்ந்துவிடுமா? அதற்கு அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் ஹூட் ஆறு பதில் சொல்கிறது. சால்மன் குடும்பத்து ஸ்டீல்ஹெட் மீன் அங்கே கடலிலிருந்து முட்டையிட ஆற்றில் ஏறி வரும். நம் நீலகிரி அவலாஞ்சி ஓடைகளில் உள்ள ரெயின்போ டிரவுட்டும் அதே இனம்தான். 1991 முதல், அந்த ஆற்றில் இருந்த ஓர் அணையைக் கடந்த மீன்களைப் பிடித்து, செதிலோ துடுப்பின் நுனியோ துளி எடுத்துக்கொண்டு மேலே விட்டார்கள். சில ஆண்டுகள் கழித்து அவற்றின் பிள்ளைகள் கடலிலிருந்து திரும்பி வரும்போது அவற்றிடமும் துளி எடுத்தார்கள். ஒவ்வொரு மீனின் மரபணுவிலும் பாதி தாயுடையது, பாதி தகப்பனுடையது. ஆகவே வாரிசுச் சான்றிதழுக்கு வம்சாவளி பார்ப்பதுபோல, எந்த மீன் யாருடைய பிள்ளை என்று இரண்டு தொகுப்பையும் ஒப்பிட்டே கண்டுபிடித்துவிடலாம். பண்ணைத் தாய்க்கு எத்தனை பிள்ளை தேறியது, ஆற்றுத் தாய்க்கு எத்தனை தேறியது என்ற கணக்கு கையில் கிடைத்துவிடும்.

ஹிதோஷி அராக்கி குழுவினர் அந்தக் கணக்கை 2007இல் சயன்ஸ் இதழில் வெளியிட்டார்கள். பண்ணையில் வளர்ந்த ஒவ்வொரு தலைமுறைக்கும், ஆற்றில் வாரிசு உண்டாக்கும் திறன் ஏறக்குறைய 40 சதவீதம் குறைந்தது. காரணம் புரியக்கூடியதே. தொட்டியில் கொக்கு இல்லை, வெள்ளம் இல்லை, இணைக்குப் போட்டி இல்லை. வேளைக்குத் தீவனம் வருகிறது. ஆற்றில் பிழைக்காத குஞ்சும் அங்கே பிழைக்கிறது. தொட்டிக்கு ஏற்ற குணமுள்ளவை பெருகி, பிறகு ஆற்றில் இறங்கிக் காட்டு மீனோடு கூடி, அந்தப் பலவீனத்தையும் பரப்புகின்றன.

ஹூட் ஆற்றில் பண்ணை மீன் தோற்றது. காவிரியில் அது அளவுக்கு மீறி வென்றது. இரண்டிலும் பாதிக்கப்பட்டது ஆற்றிலேயே பிறந்த மீன்தான். விட்ட குஞ்சுகளின் எண்ணிக்கையை மட்டும் பார்த்திருந்தால் இரண்டு இடத்திலும் வெற்றி என்றே எழுதியிருப்போம். எந்த இனம் பெருகியது, யார் ஆற்றில் பிள்ளை பெற்றார்கள், அந்தப் பிள்ளைகளில் எத்தனை வளர்ந்து தாயாயின என்று கேட்டபோதுதான் உண்மை வெளிவந்தது.

இத்தனை பெரிய திமில் மகசீருக்கு உறுதியான அறிவியல் பெயர்கூட 2018 வரை இல்லை. காவிரிப் படுகையில் உள்ள மோயாற்றில் கிடைத்த மீன்களின் உடலமைப்பையும் மரபணுவையும் ஆராய்ந்த பிறகே, அதே படுகையைச் சேர்ந்த கேரளத்தின் பாம்பாற்றிலிருந்து முன்பு விவரிக்கப்பட்ட டார் ரெமதேவிதான் இது என்று உறுதியானது. இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் மீனியல் அறிஞர் ரெமா தேவியைச் சிறப்பிக்க வைத்த பெயர் அது. அதே ஆண்டு பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அதை மிக மோசமாக அழிவை நெருங்கும் இனங்களின் பட்டியலில் சேர்த்தது. மோயாறு நம் மாநிலத்து ஆறு. எஞ்சியிருக்கும் திமில் மகசீரைக் காக்கும் பொறுப்பில் பெரும்பங்கு நம்முடையது.

ஆறுகளில் மீன்குஞ்சு இருப்பு செய்வது நல்ல நோக்கமுள்ள வேலை. மீனவர் பிழைப்புக்கும் அது வேண்டும். அடுத்த முறை அமைச்சரோ அதிகாரியோ குடத்திலிருந்து விரலிகளை ஆற்றில் கவிழ்க்கும் படத்தை நாளிதழில் பார்த்தால், மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இவற்றின் தாய்மீன் இதே ஆற்றைச் சேர்ந்ததா? விடுவதற்கு முன் துடுப்பில் துளி எடுத்து வைத்தார்களா? ஐந்தாண்டு கழித்து இவற்றின் பிள்ளைகளைத் தேடப் போவது யார்? இந்த மூன்றுக்கும் பதில் இல்லையென்றால், எத்தனை லட்சம் குஞ்சு விட்டாலும் ஆற்றுக்கு நன்மை செய்தோம் என்று சொல்லிக்கொள்ள நமக்கு உரிமை இல்லை.