கந்தகம் தொட்ட கொலுசு

வெள்ளிச் சாமான் வைக்கும் டப்பாவில் இரண்டு சாக்பீஸ் போட்டு வைக்கும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. ஈரத்தை அது இழுத்துக்கொள்ளும், வெள்ளி சீக்கிரம் கறுக்காது என்பது கணக்கு. கணக்கு சரிதான். ஆனால் நம் ஊர் சாக்பீஸ் பெரும்பாலும் ஜிப்சத்தைச் சுட்டுப் பொடித்த மாவில் வார்த்தது. ஜிப்சத்தின் எடையில் நூற்றுக்கு 18 பங்குக்கு மேல் கந்தகம். வெள்ளியைக் கறுக்க வைப்பதும் கந்தகம்தான். கொலுசின் எதிரியையே கொலுசுக்குப் பக்கத்தில் படுக்க வைத்திருக்கிறோம், ஒன்றும் ஆவதில்லை. ஏன்?

இதற்கு விடை தேட பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களை விடப் பொருத்தமான இடம் கிடையாது. ஆலத்தூர் வட்டத்தில் காரை என்ற ஊரையொட்டி, மழை அரித்து அரித்து வெட்டவெளியாகக் கிடக்கும் களிமண் மேடுகள் இருக்கின்றன. சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல் இருந்தது. அம்மோனைட் போன்ற கடலுயிர்களின் எச்சங்கள் இன்றும் அந்த மண்ணில் கிடைக்கின்றன. அந்தக் களிமண்ணின் வெடிப்புகளில் கண்ணாடிச் சில்லு போல வெயிலில் மின்னுவது ஜிப்சம். எடுத்து நகத்தால் கீறினால் கோடு விழும், அவ்வளவு மெதுவான கல். சிமெண்ட் சட்டென்று இறுகிவிடாமல் இருக்கச் சேர்ப்பது இதைத்தான்.

ஜிப்சத்துக்குள் ஒவ்வொரு கந்தக அணுவையும் நான்கு ஆக்சிஜன் அணுக்கள் சூழ்ந்து பிடித்திருக்கின்றன, இந்தக் கூட்டுக்குச் சல்பேட் என்று பெயர். அந்தப் பிடியில் இருக்கும்வரை கந்தகம் வெள்ளியைத் திரும்பிக்கூடப் பார்க்காது. அதனால்தான் சாக்பீஸ் சாது. பிடி விட்டால்தான் வம்பு. விடுவிப்பவை உயிர்கள்.

காற்றுப் புகாத குட்டைச் சேற்றிலும் சாக்கடை அடியிலும் வாழும் சில பாக்டீரியாக்கள், நாம் ஆக்சிஜனைச் சுவாசிக்கும் இடத்தில் சல்பேட்டைப் பயன்படுத்துகின்றன. கழிவாக அவை வெளியிடும் வாயு ஹைட்ரஜன் சல்பைடு, அழுகிய முட்டை வாடை அடிப்பது. செடிகளும் இந்த வேலையைச் செய்கின்றன. நிலக்கடலைக்கு மண் அணைக்கும்போது ஹெக்டேருக்கு 400 கிலோ ஜிப்சம் இடச் சொல்கிறார்கள், சுண்ணாம்புச் சத்தும் கந்தகச் சத்தும் சேர்ந்து கிடைக்கும் என்பதற்காக. வெங்காயம் இன்னும் ஒரு படி மேல். வேர் வழியே வரும் சல்பேட்டின் ஆக்சிஜனைக் கழற்றிவிட்டு, கந்தகத்தைத் தன் காரத்துக்கான சேர்மங்களில் பூட்டி வைக்கிறது. அரிவாள்மனையில் நறுக்கியதும் செல்கள் உடைந்து, நொதி வேலை செய்து, அந்தக் கந்தகம் ஆவியாகக் கிளம்புகிறது. சின்ன வெங்காயச் சாகுபடியில் தமிழ்நாட்டின் முன்னணியில் நிற்கும் மாவட்டம் பெரம்பலூர். செட்டிகுளம் பக்கம் காய் பிடுங்கிப் பட்டறை போட்டு வைக்கும் ஊர்களில் வெள்ளி மோதிரம் போட்ட கையோடு வெங்காயம் உரிப்பவர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

காற்றில் இந்தக் கந்தக வாயு நூறு கோடியில் ஒரு பங்கு கூட இல்லாவிட்டாலும் போதும். வெள்ளி அதைப் பிடித்துக்கொண்டு வெள்ளி சல்பைடாக மாறும். ஈரம் இருந்தால் வேகம் கூடும். வியர்வையும் உப்பும் கூட அப்படித்தான். கொலுசு கறுத்தால் உடம்பில் ஏதோ கோளாறு என்றும் கண்ணேறு என்றும் பயப்படுவோருக்கு இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்: அந்தக் கறுப்பு நோய்க்கு அடையாளம் இல்லை.

முதலில் பொன் நிறம் ஏறும். பிறகு செம்பழுப்பு, நீலம், கடைசியில் கறுப்பு. பொன் நிறத்தில் இருக்கும்போது அந்தப் படலத்தின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட இராது. மழை நின்ற தார்ச்சாலையில் சிந்திய எண்ணெய் நிறம் காட்டுவதும் இதே ஒளி விளையாட்டுதான். ஒரு பழைய குங்குமச் சிமிழை ஜன்னலோரம் பிடித்துத் திருப்பிப் பாருங்கள், மூடியின் விளிம்பில் நீலமும் ஊதாவும் தெரியும்.

இனி முக்கியமான விஷயம். அந்தக் கறுப்பின் எடையில் நூற்றுக்கு 87 பங்கு வெள்ளிதான். தேய்த்து எடுக்கும் ஒவ்வொரு தடவையும் துணியில் ஒட்டிக்கொண்டு போவது நம் வெள்ளி. பாட்டி காலத்துக் கொலுசில் பூ வேலை மழுங்கிப் போயிருப்பதற்கு நடந்து தேய்ந்தது பாதிக் காரணம், தேய்த்துத் தேய்ந்தது மீதி.

தேய்க்காமலே வெளுக்க வைக்க ஒரு வழி இருக்கிறது. ஒரு பிளாஸ்டிக் பேசினில் அலுமினியத் தாளைப் பளபளப்பான பக்கமோ மங்கிய பக்கமோ எப்படியும் விரியுங்கள். கொலுசை அதன்மேல் படும்படி வையுங்கள். படுவதுதான் முக்கியம். ஒரு லிட்டர் சுடுநீரில் நாலைந்து தேக்கரண்டி சமையல் சோடாவும் கொஞ்சம் உப்பும் கரைத்து ஊற்றுங்கள். சில நிமிடத்தில் குமிழி கிளம்பும், அழுகிய முட்டை வாடை லேசாக வரும். வெள்ளியை விட அலுமினியம் எளிதில் எலக்ட்ரானை விட்டுக்கொடுக்கும். சோடா அலுமினியத்தின் மேல்தோலைக் கரைக்கிறது, எலக்ட்ரான்கள் வெள்ளிக்குப் பாய்கின்றன, கந்தகம் பிரிந்து போகிறது, வெள்ளி அங்கேயே மறுபடி வெள்ளியாகிறது. அந்த வாடைதான் கந்தகம் வெளியேறும் சாட்சி. ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள்.

ஆனால் திரும்பி வந்த வெள்ளி பழையபடி வழுவழுப்பாக உட்காராது, கொஞ்சம் மங்கலாக வெளுத்துத் தெரியும். மெருகுக்கு லேசாகத் துடைக்கத்தான் வேண்டும். அதற்கு அருங்காட்சியகங்களில் பயன்படுத்துவது நீரில் குழைத்த மென்மையான கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணாம்புக்கல்லின் அதே சரக்கு. அரியலூரின் கல்லங்குறிச்சியில் சிமெண்டுக்காக வெட்டும் கல் ஏறக்குறைய 7 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய சிப்பி ஓடுகளால் ஆனது. கெடுப்பதற்கான கந்தகமும் துலக்குவதற்கான சுண்ணாம்பும் ஒரே பழங்கடலின் படிவுகளில் இருக்கின்றன என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் வியப்பு அடங்கவில்லை.

எதைத் தேய்க்கலாம் என்பதைக் கடினம் தீர்மானிக்கிறது. கடினத்துக்கான மோஸ் அளவில் வெள்ளி 2.5 முதல் 3 வரை, சுண்ணாம்புக்கல் 3, மணலிலுள்ள குவார்ட்ஸ் 7. செங்கல் பொடியும் பாத்திரம் தேய்க்கும் பொடியும் வெள்ளியைக் கீறிவிடும். விபூதி நல்ல பழக்கம்தான், ஆனால் இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்துப் பாருங்கள். நறநறவென்றால் நெற்றிக்கு வைத்துக்கொண்டு வெள்ளிக்கு வேண்டாம். புளி பித்தளை விளக்குக்கு உரியது. வெள்ளி சல்பைடு புளியின் அமிலத்தில் கரையாது, கலவையில் இருக்கும் செம்புதான் கரையும். அன்றாடத் துலக்கலுக்குப் பூந்திக்கொட்டைத் தண்ணீரே போதும், நகைக்கடைக்காரர்களும் அதைத்தான் கையாண்டு வந்திருக்கிறார்கள்.

வைக்கும்போது ரப்பர் பேண்டு போட்டுக் கட்டாதீர்கள், ரப்பரை உறுதியாக்கக் கந்தகம் சேர்த்திருக்கும். எனாமல் வேலை, கல் பதித்தது, அரக்கு வைத்து ஒட்டியது எதையும் சுடுநீரில் போடக்கூடாது. கடையில் ஆக்சிடைஸ்டு என்று சொல்லித் தரும் நகையிலும் கவனம் வேண்டும். அதன் பள்ளங்களில் இருக்கும் கறுப்பு, வேலை எடுப்பாகத் தெரிய ஆசாரி கந்தகச் சேர்மத்தில் தோய்த்து ஏற்றியது. அலுமினியத் தாளில் போட்டால் அவர் வேலை ஐந்து நிமிடத்தில் அழிந்துவிடும். மேட்டுப் பகுதியை மட்டும் பருத்தித் துணியால் ஒற்றித் துடையுங்கள்.