கரு ஆராய்ச்சி: கத்தோலிக்க திருச்சபை எதற்கு ‘நோ’ சொல்கிறது, எதற்கு ‘ஓகே’ சொல்கிறது?

பார்க்கின்சன், சர்க்கரை நோய், தண்டுவட காயம் என பல பாதிப்புகளுக்கு ஸ்டெம் செல்கள் மூலம் தீர்வு கிடைக்கலாம் என்கிறார்கள் விஞ்ஞானிகள். ஆனால் கத்தோலிக்க திருச்சபை இதை எதிர்க்கிறது என்ற பேச்சு பல வருஷமாக இருக்கிறது. உண்மை என்ன? பார்க்கலாம்.

பிரச்னை எங்கே தொடங்கியது?

1998-ல் அமெரிக்க விஞ்ஞானி ஜேம்ஸ் தாம்சன் குழு, மனித கருவிலிருந்து ஸ்டெம் செல்களைப் பிரித்து வளர்த்தது. செயற்கை கருத்தரிப்பு சிகிச்சைக்காக உருவாக்கப்பட்டு, தம்பதிகள் தானமாகக் கொடுத்த கருக்கள் அவை. சுமார் 5 நாள் வயதுள்ள கருவின் உள்ளே இருக்கும் செல்களை எடுத்தால், அந்த கரு அழிந்துவிடும். சிக்கலே இங்கேதான்.

திருச்சபை சொல்வது என்ன?

கருத்தரித்த நொடியிலிருந்தே கருவை ஒரு மனிதராக மதிக்க வேண்டும் என்கிறது வத்திக்கான் 1987-ல் வெளியிட்ட ‘டோனும் வீட்டே’ ஆவணம். அப்படியென்றால் ஆன்மா எப்போது வருகிறது? அதை திருச்சபை அறுதியிட்டுச் சொல்லவில்லை. ‘அது ஒரு மனிதராக இருக்க வாய்ப்பு உண்டு என்றாலே அழிக்கக் கூடாது’ என்பதுதான் 1995-ல் போப் இரண்டாம் ஜான் பால் முன்வைத்த வாதம்.

14 நாள் விதி

பிரிட்டனில் 1990-ம் ஆண்டு சட்டப்படி, 14 நாள் வரை கருவை ஆராய்ச்சிக்குப் பயன்படுத்தலாம். அதன்பிறகுதான் உடலின் அடிப்படை அமைப்பு உருவாகத் தொடங்கும் என்பது காரணம். இந்த எல்லைக்கோட்டை திருச்சபை ஏற்கவில்லை. வளர்ச்சி தொடர்ச்சியானது, நடுவில் கோடு போட முடியாது என்கிறது.

எதற்கெல்லாம் ஓகே?

எலும்பு மஜ்ஜை, தொப்புள்கொடி ரத்தம் ஆகியவற்றிலிருந்து எடுக்கும் ஸ்டெம் செல்களுக்கு தடை இல்லை. கருவையே குணப்படுத்துவதற்கான, அதன் உயிருக்கு ஆபத்தில்லாத சிகிச்சைக்கும் எதிர்ப்பு இல்லை. ஜப்பானின் ஷின்யா யாமனகா, சாதாரண உடல் செல்களையே ஸ்டெம் செல் போல மாற்றிக்காட்டி 2012-ல் நோபல் பரிசு பெற்றார். இதில் கருவை அழிக்கத் தேவையில்லை.

விடை கிடைக்காத கேள்வி

சிகிச்சை முடிந்து, உறைநிலையில் கைவிடப்பட்ட கருக்களை என்ன செய்வது? ‘எப்படியும் வீணாகத்தானே போகும், நோயாளிகளுக்காவது உதவட்டுமே’ என்கிறார்கள் ஆராய்ச்சி ஆதரவாளர்கள். சாகப்போகிறவர் என்பதற்காக ஒருவரைக் கொல்லலாமா என்பது எதிர்த்தரப்பின் கேள்வி. 2008-ல் வெளியான ‘டிக்னித்தாஸ் பெர்சோனே’ ஆவணம், ஆராய்ச்சிக்குத் தருவதை நிராகரித்தது. வேறு தம்பதிகள் அவற்றை தத்தெடுப்பதிலும் சிக்கல்கள் உண்டு என்றது. இது சரிசெய்ய முடியாத அநீதி என்றும் ஒப்புக்கொண்டது. அதனால்தான், மேற்கொண்டு கருக்களை உருவாக்கி உறைய வைப்பதையே நிறுத்தச் சொல்கிறது திருச்சபை.