தேரையின் வயிற்றில் இரண்டு ஓட்டை

நெட்சுகே என்ற ஜப்பானியக் குட்டிச் சிற்பத்தைப் புரட்டிப் பார்க்காமல் வந்தால், பலாப்பழத்தின் முள்ளைப் பார்த்துவிட்டு வீடு திரும்பிய கதைதான். அருங்காட்சியகங்களில் அந்தக் கொடுமைதான் நடக்கிறது. கட்டைவிரல் அளவு எலி, உருண்டை முயல், படுத்துக் கிடக்கும் எருது, எல்லாம் கண்ணாடிப் பெட்டிக்குள் நல்ல பிள்ளைகளாக முகம் காட்டி உட்கார்ந்திருக்கும். ஐயோ, வேடிக்கை முழுக்க அடியில் அல்லவா இருக்கிறது! பெட்டியைத் திறந்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். கையைத் துடைத்துக்கொண்டு வாருங்கள்.

முதலில் எலி. மெதுவாகத் திருப்புங்கள். நாலு பாதமும் மடங்கி, விரல் விரலாக, நகம் நகமாக! யார் கண்ணிலும் படாத அடிவயிற்றில் வாலைச் சுருட்டி ஒழுங்காக ஒதுக்கி வைத்திருக்கிறார் சிற்பி. அதே இடத்தில் இரண்டு ஓட்டைகள். ஒன்று சின்னது, ஒன்று கொஞ்சம் பெரியது. அந்த ஓட்டைகளுக்காகத்தான் எலியே பிறந்தது.

எடோ காலத்தில் (1603–1868) ஜப்பானியர் உடுத்திய கிமோனோவில் சட்டைப்பை என்று ஒன்று கிடையாது. புகையிலைப் பை, காசு போடும் சுருக்குப்பை, மருந்து வைக்கும் இன்ரோ என்ற அடுக்குச் சிமிழ் எல்லாம் கயிற்றில் கட்டப்பட்டு, ஓபி என்ற இடைக்கச்சையிலிருந்து தொங்கும். கயிறு நழுவிவிடாமல் கச்சையின் மேல்விளிம்பில் நின்று தாங்க ஒரு குமிழ் வேண்டும். அதுதான் நெட்சுகே. கயிற்றின் முடிச்சு பெரிய ஓட்டைக்குள் போய்ப் பதுங்கிக்கொள்ளும். கைதேர்ந்த ஆள் என்றால் ஓட்டை போடும் வேலையையே வைத்துக்கொள்ள மாட்டார். வளைந்த வாலோ காலிடுக்கோ அதைப் பார்த்துக்கொள்ளும்.

பட்டுத்துணியில் உரச வேண்டிய பொருள் ஆயிற்றே, கொம்பு குத்தக்கூடாது, காது நீட்டக்கூடாது. ஆகவே முயலின் காது முதுகோடு படிந்துவிடும். எருதின் கொம்பு உடம்பை ஒட்டிப் போகும். மேயும் குதிரை கழுத்தைத் தாழ்த்தி நாலு குளம்பையும் ஒரே இடத்தில் சேர்த்து நிற்கும். எந்தக் குதிரை அப்படி நிற்கும் என்று கேட்காதீர்கள். கையில் எடுத்தால் கேள்வி மறந்துபோகும்.

எருது என்றால் கியோட்டோவின் தொமோததா. ஒசாகாவில் வாள் அணிகலன் வியாபாரம் செய்த இனாபா ட்சூரியூ 1781இல் சோகென் கிஷோ என்ற நூலை வெளியிட்டார். ஏழு பாகங்கள், முக்கால்வாசி வாள் விவகாரம். கடைசியில் போனால் போகட்டும் என்று நெட்சுகே சிற்பிகளின் பட்டியல் ஒன்றைச் சேர்த்தார். இன்று சேகரிப்பாளர்கள் அந்தக் கடைசிப் பகுதியைத்தான் வேதமாகப் படிக்கிறார்கள்! தொமோததாவின் எருதுகளுக்கு எடோ நகரில் ஏகக் கிராக்கி, போலிகளும் ஏராளம் என்று அப்போதே எழுதிவிட்டார் மனிதர்.

இப்போது எனக்குப் பிடித்த ஆள்: தேரை. ஈசே மகா ஆலயத்துக்கு யாத்திரை வந்தவர்கள் ஊருக்கு வாங்கிப்போன மரத் தேரை. அந்தப் பக்கத்து யமதாவில் மசனாவோ என்ற பெயர் தலைமுறை தலைமுறையாகக் கைமாறியது. அவர்கள் ட்சுகே மரத்தில் செதுக்கிய தேரைகளின் முதுகைப் பாருங்கள். கொப்புளம் கொப்புளமாக, சொரசொரவென்று, நிஜத் தேரை தோற்றது! அத்தனை கொப்புளத்தையும் ஒவ்வொன்றாகச் செதுக்கினார்களா? அங்கேதான் திருட்டுத்தனம். முதலில் மழுங்கிய கருவியால் மரத்தை அங்கங்கே அழுத்திக் குழி போடுவார்கள். பிறகு சுற்றியுள்ள மரத்தைக் குழியின் அடிமட்டம் வரைக்கும் சீவித் தள்ளுவார்கள். இப்போது முதுகு மழமழவென்று இருக்கும், ஒன்றுமே தெரியாது. அடுத்து வெந்நீர். அழுத்தி நசுக்கப்பட்ட இழைகள் நீரைக் குடித்து உப்பும். போட்ட குழியெல்லாம் பருவாக எழும்பும்! உகிபோரி என்பது இந்த வித்தையின் பெயர். நகோயாவின் தமேதகா தொடங்கிவைத்தது என்பார்கள். யார் தொடங்கியிருந்தாலும், முதல் தடவை மரத்தில் பரு முளைத்தபோது அந்தப் பட்டறையில் ஒரு துள்ளல் இருந்திருக்கும் என்றே நம்புகிறேன்.

பட்டறையில் உப்புத்தாளைத் தேடாதீர்கள். தோக்குசா என்ற, தண்டு சொரசொரக்கும் செடியை உலர்த்தித் தேய்ப்பார்கள். அப்புறம் முக்கு மரத்தின் இலை. கடைசி மினுக்குக்கு மான்கொம்புப் பொடி. கத்திகளைப் பெரும்பாலும் சிற்பியே தன் கைக்குத் தோதாகச் செய்துகொள்வார். மீதி மெருகை வாங்கியவர் இடுப்பு போடும். வருடக்கணக்கில் உடம்பிலும் துணியிலும் உரசிய பக்கம் நிறம் மாறி வழுவழுப்பாகிவிடும். புதுசாக இருப்பதைவிட இந்தத் தேய்மானத்துக்குத்தான் மவுசு.

புலிக்கு வருவோம், சிரிக்கத் தயாராகுங்கள். எடோ கால ஜப்பானில் காட்டுப்புலி கிடையாது. ஓவியங்களிலும் தோலிலும் பார்த்ததை வைத்துச் செதுக்கினார்கள். பல புலிகளின் முகத்தில் சாட்சாத் வீட்டுப் பூனை, அதுவும் கோபித்துக்கொண்ட பூனை! யானை விஷயம் இன்னும் வினோதம். 1728இல் வியட்நாமிலிருந்து நகசாகிக்கு இரண்டு யானைகள் வந்தன. பெண் யானை அங்கேயே இறந்துபோக, ஆண் யானை நடந்தே மறு வருடம் எடோவுக்குப் போய் ஆட்சியாளரான ஷோகன் யோஷிமுனேயைப் பார்த்தது. வழியெங்கும் கூட்டம். சீன, டச்சு வியாபாரிகள் கொண்டுவந்த தந்தத்தில் ஆயுள் முழுக்கக் கை வைத்தவர்களில் பலர், அது யாருடைய பல் என்று நேரில் பார்த்ததே இல்லை.

தந்தம் என்றதும் எனக்கு உற்சாகம் கொஞ்சம் இறங்கும். யானைத் தந்தத்தின் சர்வதேச வணிகத்துக்கு 1989இல் தடை முடிவானது. பிரிட்டனில் 2022 முதல் பழைய தந்தத்தை விற்பதற்குக்கூடக் கெடுபிடி. என் ஓட்டு மரத் தேரைக்கே. இல்லையென்றால் இவாமி மாகாணத்துப் பக்கம் போகலாம். கடலோர ஊர்க்காரரான தொமிஹாரு காட்டுப்பன்றியின் கோரைப்பல்லில் சிலந்தி, பூரான் எல்லாம் ஓடவிட்டார். அடியில் பூதக்கண்ணாடி வையுங்கள்: மயிரிழை எழுத்தில் ஊர், நாள், பெயர்! அவர் மகள் புன்ஷோஜோவும் (1764–1838) அதே வேலையில் அப்பாவுக்குச் சளைக்காதவர். எடோ காலத்தில் தன் பெயரைப் பொறித்துவிட்டுப் போன பெண் சிற்பி என்றால் சும்மாவா?

மேற்கத்திய கோட்டு வந்தது, அதில் பை வந்தது, நெட்சுகேயின் பிழைப்பு போனது. எடோவை அடுத்து வந்த மெய்ஜி காலத்தில் அள்ளிக்கொண்டு போனவர்கள் ஐரோப்பியர்கள். பாரிஸில் சார்ல் எஃப்ருஸி வாங்கிய 264 பின்னர் வியன்னாவிலிருந்த அவர் குடும்பத்தாரிடம் போயின. 1938இல் அந்த யூதக் குடும்பத்தின் மாளிகை நாஜிகள் வசமானபோது, ஆன்னா என்ற பணிப்பெண் மூன்று நான்காகத் தன் ஏப்ரன் பைக்குள் போட்டுக் கடத்தித் தன் மெத்தைக்குள் மறைத்தார். 264ம் தப்பின. குடும்பத்து வாரிசான எட்மண்ட் டி வால் 2010இல் இதை நூலாகவே எழுதினார். பையால் செத்த பொருளுக்குப் பையே உயிர் கொடுத்தது, போங்கள்!

பெட்டியை மூடுமுன் ஒன்று. அதோ அந்தக் குளவிக்கூட்டை எடுத்துக் காதருகே ஆட்டுங்கள். அறைக்கு அறை புழு, ஒவ்வொன்றும் தனியாக ஆடும், கவிழ்த்தாலும் விழாது! வாடிக்கையாளர் வராத மத்தியானங்களில் எடோ வியாபாரி எதை ஆட்டிக்கொண்டிருந்திருப்பார் என்று நான் வேறு சொல்ல வேண்டுமா?